மூட்டம்

என் மாமாவைப் பற்றி நான் எழுதிய கவிதை 2013இல் ஒரு சிற்றிதழில் வந்தது. அவர் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. மரத்தோணி கட்டிய கைகள் பைபர் படகுகள் வந்த பிறகு வேலையற்றுப்போனதையும், மரத்தோடு சேர்ந்து அந்த மனிதரும் முடிந்துபோனதையும் அதில் எழுதியிருந்தேன். நண்பர்கள் பாராட்டினார்கள். ஒரு கூட்டத்தில் வாசித்தபோது முன்வரிசையிலிருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். என் கவிதைகளில் அதிகம் பேசப்பட்டது அதுதான்.

அத்தைக்கு அதை வாசித்துக் காட்ட எனக்கு ஆறு வருடம் ஆயிற்று. மொட்டைமாடியில் காயவைத்திருந்த கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இது உங்க மாமா இல்லட்டி. பைபர் வாரதுக்கு ரொம்ப முன்னாலயே அவியளுக்கு அது வந்துட்டு. வேலை தலைக்கு மேல கெடந்த காலம் அது."

கொஞ்ச நேரம் கழித்து, "இதுல நான் எங்கட்டி இருக்கேன்?" என்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கவிதையை நான் எங்கும் வாசிக்கவில்லை. இந்தக் கட்டுரையை அத்தை சொன்னவற்றை வைத்து எழுதியிருக்கிறேன். வாசித்துக் காட்டினேன், இரண்டு இடங்களைத் திருத்தினார், பெயர்கள் வேண்டாம் என்றார். அதன் பிறகுதான் அச்சுக்குக் கொடுத்தேன்.

மாமா தூத்துக்குடியில் தோணி கட்டிய ஓடாவி. மற்ற ஊர்களிலிருந்து வரும் என் மாணவிகளுக்குத் தோணி என்றால் ஆற்றைக் கடக்கும் சிறு படகு. எங்கள் ஊர்த் தோணி அதுவல்ல. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் லட்சத்தீவுக்கும் வெங்காயமும் மளிகையும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போகும் மரக்கப்பல் அது. நூற்றுக்கணக்கான டன் சுமக்கும். 1974இல் புதிய துறைமுகம் வருவதற்கு முன்பு, கரையோரம் ஆழம் போதாமல் கப்பல்கள் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்குச் சரக்கைக் கொண்டுவந்தவையும் தோணிகள்தான்.

தோணிக்கு முதலில் ஏரா என்னும் அடிமரத்தைப் போடுவார்கள். முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். நடுவே விலா எலும்புகளைப்போல வரிசையாக வங்குகள். நேராக வளர்ந்த மரத்தை வளைவாக அறுத்து வங்கு செய்தால் உறுதி இருக்காது; நார் குறுக்கே வெட்டுப்பட்டுவிடும், அலை மோதும்போது அந்த இடத்தில் பிளக்கும். எனவே வளைந்தே வளர்ந்த மரம் வேண்டும். வாகை, வேம்பு, கருவேலம் என்று மாமா அதற்காக ஊர் ஊராக அலைவார். பள்ளி விடுமுறையில் என்னையும் கூட்டிப்போவார். எட்டயபுரம் சாலையில் பஸ்ஸின் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவர் திடீரென்று கையை நீட்டுவார்: "அந்தா நிக்கி பாரு, அணியத்துப் பக்கம் மூணாவது வங்கு." எனக்கு அங்கே ஒரு வேப்பமரம் மட்டுமே தெரியும். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வந்த வழியே நடந்து, மரத்துக்குச் சொந்தக்காரரைத் தேடிப் பிடித்து விலை பேசுவார்.

அவரிடம் வரைபடம் கிடையாது. ஏராவின் நீளத்தைச் சொன்னால் மற்ற அளவுகள் அவர் வாயிலிருந்து வரும். பலகையை விரல் முட்டியால் தட்டி, அந்த ஓசையை வைத்தே இது வேண்டாம் என்று ஒதுக்குவார். நெருப்பில் வாட்டி, தண்ணீர் தெளித்துப் பலகையை வளைக்கும்போது பத்துப்பேர் இழுத்துக்கொண்டிருப்பார்கள். எங்கே நிறுத்துவது என்பதை அவர் ஒற்றைச் சொல்லில் சொல்வார். அவர் கட்டிய தோணி கனத்த காற்றிலும் தன்னால் நிமிர்ந்துகொள்ளும் என்று தண்டல்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோணியை ஓட்டிப்போகிறவரைத் தண்டல் என்போம். ஓடாவிக்குக் கரையில் கிடைக்கும் பாராட்டுகளில் அதற்கு மேல் ஒன்றில்லை.

மாமா அதிகம் பேசமாட்டார். அதையும் நாங்கள் அவருடைய திறமையின் பகுதியாகவே எடுத்துக்கொண்டோம். "கைதான் பேசும், வாய் பேசாது" என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமையை நானும் என் கவிதையில் வைத்திருந்தேன்.

கவிதையில் நான் வைக்காதது திரி. பலகைக்கும் பலகைக்கும் இடையே உள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை வைத்து, உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். அதற்குக் கலப்பற்று என்று பெயர், பேச்சில் கலப்பத்து. அந்தத் திரியை எங்கள் வீட்டில் அத்தை உருட்டினார். சமையல் முடிந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து, சேலையைத் தொடைவரை ஒதுக்கிக்கொண்டு, பஞ்சை வைத்து முழம் முழமாக உருட்டுவார். மழைக்காலத்தில் உள்ளங்கையும் தொடையும் தோலுரிந்துவிடும். ஒரு தோணிக்கு எத்தனை முழம் என்று யாரும் கணக்கு வைத்ததில்லை. அதற்குக் கூலியும் கிடையாது. கட்டி முடித்த தோணியில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்பது கரையின் வழக்கம். தன் கை உருட்டிய திரி இருக்கும் எந்தத் தோணியிலும் அத்தை ஏறியதில்லை. தேங்காய் உடைத்துத் தோணியைக் கடலில் இறக்கும் நாளில் மற்றப் பெண்களோடு தூரத்தில் நின்று பார்ப்பார்.

முதல்முறை அது வந்தது 1989இல். அப்போது மாமா தான் கட்டியவற்றிலேயே பெரிய தோணியைக் கட்டிக்கொண்டிருந்தார். வங்குகள் ஏறிவிட்டன, பலகை வேலை பாதி முடிந்திருந்தது. ஒரு நாள் காலை மூன்று மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்தவர், விடிந்தும் வேலைக்குக் கிளம்பவில்லை. மறுநாளும் அப்படியே. சாப்பாடு இறங்கவில்லை. உடம்பெல்லாம் வலிக்கிறது என்றார். பட்டறையிலிருந்து ஆள் வந்து கேட்டபோது அத்தை, "காய்ச்சல்" என்றார்.

அந்தக் காய்ச்சல் நாற்பது நாளுக்கு மேல் நீடித்தது. கண் பட்டுவிட்டது என்று மாமாவின் அம்மா சுற்றிப்போட்டார். குறி கேட்டார்கள். தோணிக்குச் சொந்தக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அத்தை தினமும் காலையில் பட்டறைக்குப் போய் வேலியோரம் நின்று, மாமா சொல்லியனுப்பியதாகத் தானே யோசித்த சில வேலைகளைச் சின்ன ஓடாவியிடம் சொல்லிவிட்டு வருவார். தோணிக்குள் கால் வைக்கக் கூடாத பெண், இருபது வருடம் அந்த மனிதரின் பேச்சைக் கேட்டுக் கேட்டே, அடுத்து எந்தப் பலகை ஏற வேண்டும் என்று தெரிந்துவைத்திருந்தார். "தப்பா ஒண்ணும் சொல்லல" என்று இப்போதும் கொஞ்சம் பெருமையோடு சொல்கிறார். பிறகு ஒரு நாள் மாமா தானாகவே எழுந்து குளித்து, வாச்சியைத் தீட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அந்தத் தோணி நன்றாகவே வந்தது. எல்லாரும் அதைத்தான் பேசினார்கள்.

அத்தை இதற்கு மூட்டம் என்று பெயர் வைத்திருந்தார். வானம் மூட்டம் போட்டிருந்தால் மழை பெய்யவும் செய்யாது, வெயில் அடிக்கவும் செய்யாது, கருவாடு காயாது. அப்படி ஒரு நாளில்தான் இந்தச் சொல் அவருக்குத் தோன்றியதாம். தன் அம்மாவிடம் மட்டும், "இன்னைக்கு மூட்டமா இருக்காவ" என்று சொல்வார். 1997இல் ஒருமுறை, 2001இல் ஒருமுறை வந்தது. மூட்டம் விலகிய மாதங்களில் அவர் சிரித்த முகமாக, பிள்ளைகளுக்குச் சீவல் கட்டையில் பொம்மை வள்ளம் செய்துகொடுக்கிறவராக இருந்தார். நாங்கள் அனைவரும் பார்த்தது அந்த மாமாவை. மற்றவரை அத்தை மட்டும் பார்த்தார்.

இப்போது மருத்துவர்கள் மனச்சோர்வு என்று சொல்வதன் அடையாளங்கள் எல்லாமே 1989இல் அந்தத் திண்ணையில் இருந்தன: விடியுமுன் விழிப்பு, பசியின்மை, காரணமில்லாத உடல்வலி, பிடித்த வேலையிலும் பிடிப்பில்லாமை, விலகிப்போய்த் திரும்பவும் வருவது. நம் பத்திரிகைகள் இதற்கும் மன அழுத்தம் என்றே எழுதுகின்றன. தேர்வுக்கு முந்தைய நாள் இருப்பதும் மன அழுத்தம், நாற்பது நாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பதும் மன அழுத்தம் என்றால், கேட்பவர்கள் "எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றுதான் சொல்வார்கள். மாமாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

பைபர் படகுகளைப் பற்றி நான் எழுதியதில் பொய் இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடற்கரை நெடுகிலும் நிவாரணமாக பைபர் படகுகள் வந்திறங்கின. கட்டுமரமும் மர வள்ளமும் வேகமாகக் குறைந்தன. மரத்தின் விலை ஏறியது; புதுத்தோணி கட்ட ஆளில்லாமல், பழையதைப் பழுதுபார்ப்பதே மாமாவின் வேலையாகிவிட்டது. இது அவருடைய நோயை மோசமாக்கியிருக்கும். ஆனால் அவரோடு வேலை பார்த்த மற்ற ஓடாவிகளுக்கும் அதே நிலைமைதான். ஒருவர் கதவு சன்னல் செய்யப் போனார், ஒருவர் பைபர் பட்டறையிலேயே சேர்ந்தார். அவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொழில் அழிந்ததால் ஒரு கலைஞன் அழிந்தான் என்று எழுதும்போது சாவுக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. நோய்க்கு அந்தக் கம்பீரம் இல்லை. மாத்திரை, அழுக்கு வேட்டி, மூன்று நாளாகக் குளிக்காத உடம்பு, அந்த உடம்பைக் கெஞ்சிக் குளியலறைக்கு அழைத்துப்போகும் ஒரு பெண் என்றுதான் அது இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கம்பீரத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

2007இல் என் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுத மாமா வீட்டு மாடியறையில் இரண்டு மாதம் தங்கியிருந்தேன். சங்க அகப்பாடல்களில் நெய்தல் திணை என் ஆய்வுப்பொருள். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் நின்று வருந்துவதைப் பற்றி நானூறு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு மாலை மாமா மாடிக்கு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் மேலே வருவதே அபூர்வம்.

"அந்தக் காலத்துப் பாட்டுல ஆம்பள அழுவானாட்டி?"

எனக்கு உற்சாகமாகிவிட்டது. தலைவனும் வருந்துவான் மாமா, அவன் தன் நெஞ்சோடு பேசுவான், நெஞ்சொடு கிளத்தல் என்றே அதற்குத் துறை இருக்கிறது என்றேன்.

"நெஞ்சோடயா? வேற ஆளு கெடையாதோ?"

பாங்கன் இருக்கிறான், தோழன் மாதிரி. ஆனால் உன்னைப்போன்ற ஆண்மகன் இப்படி வாடலாமா என்று அவன் பெரும்பாலும் கடிந்துகொள்வான் என்றேன்.

"அப்பயே அப்படித்தானா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு துறைகளைப் பற்றி அரைமணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு இறங்கிப்போனார். எழுத்து வாசனை அதிகமில்லாத மாமாவுக்குச் சங்கப் பாடலில் எவ்வளவு ஆர்வம் என்று ஆய்வேட்டின் நன்றியுரையில் எழுதினேன். அவர் எதைக் கேட்க வந்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. கீழே அந்த வாரம் முழுவதும் மூட்டம் என்று அத்தை பல வருடம் கழித்துச் சொன்னார். "உன் படிப்பக் கெடுக்கப்படாதுன்னு சொல்லல."

2009இல் மாமா தன் உயிரை முடித்துக்கொள்ள முயன்றார். அத்தை பார்த்துவிட்டார். அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸுக்குத் தகவல் போகும், கேஸ் ஆகிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவின்படி தற்கொலை முயற்சி அன்று குற்றம்; ஓராண்டு வரை சிறை கிடைக்கும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான், முயன்றவர் கடும் மனநெருக்கடியில் இருந்ததாகவே கருத வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தர வேண்டியது அரசின் கடமை என்று சொன்னது. அத்தைக்கு அந்தச் சட்டம் எட்டு வருடம் தாமதமாக வந்தது. அவர் ஒரு தனியார் மருத்துவரிடம் கொண்டுபோனார். விபத்து என்று சொன்னார். விபத்துக்கான சிகிச்சை மட்டும் கிடைத்தது.

பிறகு தன் வளையலை அடகு வைத்து, யாருக்கும் தெரியாமல் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவரிடம் மாமாவை அழைத்துப்போனார். இந்த மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், இடையில் நிறுத்தக் கூடாது என்றார் மருத்துவர். மாமா பத்து நாள் சாப்பிட்டார். உறவினர் ஒருவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "பைத்தியத்துக்குக் குடுக்குறதுல்லா இது" என்று சொல்ல, அன்றோடு நிறுத்திவிட்டார். அத்தை குழம்பில் கலந்து கொடுக்கலாமா என்றுகூட யோசித்தாராம். "ஏமாத்தி வைத்தியம் பாக்க மனசு வரல" என்றார். அடுத்த மூன்று வருடம் அவர் சரியாகத் தூங்கவில்லை. வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று இரவில் இரண்டுமுறை எழுந்து பார்ப்பார். இதைப் பராமரிப்பு என்றோ உழைப்பு என்றோ யாரும் சொல்லவில்லை. சந்தேகப்பிராணி என்று சொன்னார்கள்.

2012இல் ஒரு நாள் அத்தை தன் தங்கை மகளின் சடங்குக்குப் போயிருந்தார். எப்படி நடந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அது யாருக்கும் தேவையில்லை.

சாவு வீட்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "நீ ஏம்மா விட்டுட்டுப் போன?" என்பது. இரண்டாவது, "வீட்டுல ஏதும் சண்டையா?" மறுநாள் நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது: குடும்பத் தகராறு காரணமாகத் தச்சர் தற்கொலை. அதைப் படித்தவர்களுக்கு யாரோடு தகராறு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2021இல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர். அவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் ஆண்கள். காரணங்களின் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது 'குடும்பப் பிரச்சினைகள்'. மூன்றில் ஒரு பங்கு சாவுகள் அதன்கீழ் வருகின்றன. அந்த எண்ணுக்குள் எத்தனை அத்தைகள் இருக்கிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. எங்கள் வீட்டுப் பிரச்சினையின் பெயர் மனச்சோர்வு. அதைக் குடும்பப் பிரச்சினை என்று எழுதிவிட்டால், இருபத்து மூன்று வருடம் அதோடு போராடியவரே அதற்குக் காரணமாகிவிடுகிறார்.

தற்கொலை என்ற சொல்லில் கொலை இருக்கிறது. கொலை என்றால் கொன்றவர் யார் என்று ஊர் தேடும். இறந்தவரைக் கேட்க முடியாததால் பக்கத்தில் இருந்தவளைக் கேட்கிறது. தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்கு வேறு சொல் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஆனால் 'தற்கொலை செய்துகொண்டார்' என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். மாமா ஒரு நோயால் இறந்தார் என்று சொல்லப் பழகியிருக்கிறேன். வகுப்பிலும் அப்படியே சொல்கிறேன். நெய்தல் நடத்தும் நாளில் இரங்கலைப் பற்றிப் பேசும்போது, பாங்கன் கடிந்துகொள்ளும் இடம் வந்தால் நிறுத்தி, கடிந்துகொள்ளாத பாங்கன் என்ன சொல்லியிருப்பான் என்று மாணவிகளை எழுதச் சொல்வேன். சிலர் வகுப்பு முடிந்த பிறகு தனியே வருவார்கள். அப்பாவைப் பற்றிச் சொல்வார்கள். சிலர் தங்களைப் பற்றி. டெலி மானஸ் எண் 14416ஐ எழுதிக்கொடுப்பேன். முன்போல் பாடம் நடத்துவதில்லை, கேட்டுக்கொண்டிருப்பேன்.

அத்தைக்கு இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. மாமாவின் வாச்சியும் தமரும் கலப்பற்று உளிகளும் எண்ணெய் பூசிய துணியில் சுற்றிப் பெட்டியில் இருக்கின்றன. துருப்பிடிக்க விடுவதில்லை. மகன் கொச்சியில் வெல்டராக இருக்கிறான். இரும்புக் கப்பலில் வேலை. அவனுக்கும் அது வருமோ என்ற பயம் அத்தைக்கு உண்டு. மருத்துவரிடமே கேட்டுவிட்டார். வர வாய்ப்புண்டு, வந்தே தீரும் என்றில்லை, வந்தால் மறைக்காதீர்கள் என்று சொன்னாராம்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவன் போன் செய்கிறான். நான் ஒருமுறை பக்கத்தில் இருந்தேன். சாப்பாடு, சம்பளம், பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று பேசிவிட்டு, அத்தை அதே குரலில் கேட்டார்:

"மூட்டம் ஏதும் இருக்கால?"

அவன் உடனே பதில் சொல்லவில்லை. போன் ஒலிபெருக்கியில் இருந்தது. பின்னால் யாரோ இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது.

"ரெண்டு நாளா லேசா இருக்கும்மா. தூக்கம் சரியில்ல. செவ்வாக்கெழம டாக்டரப் பாக்கப் போறேன்."

"சரி. போயிட்டு வந்து சொல்லு. நான் முழிச்சுத்தான் இருப்பேன்."

அத்தை போனை வைத்துவிட்டுக் கருவாட்டைப் பார்க்க மாடிக்குப் போனார்.